இல்லினாய் மாநிலத்தின் மிகப் பழைய கட்டடம் எது?

மிசிசிப்பிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் "புல்வெளி மாநிலம்" என்று பட்டப்பெயர் பெற்றது இல்லினாய். நான் அதன் தென்மேற்கு மூலையில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் குடியிருக்கிறேன். இங்கே வரும் உறவினர்களும் நண்பர்களும் கேட்கும் முதல் கேள்வி, இந்த மாநிலத்தில் நின்றுகொண்டிருக்கும் மிகப் பழைய கட்டடம் எது என்பதுதான். கேள்வி எளிது. பதில்தான் மூன்றாகப் பிரிகிறது.

முதலாவது, கஹோக்கியா ஊரில் உள்ள பழைய நீதிமன்றம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், ஏறக்குறைய 1740-இல், வீடாகக் கட்டப்பட்டது. 1793-இல் பிரான்சுவா சோசியே என்பவர் அதை 1000 டாலருக்கு விற்றார். அன்று முதல் நீதிமன்றமானது. இரண்டாவது, ஃபோர்ட் டி சார்ட்ரெஸ் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு. 1750-களில் கட்டிய சுண்ணாம்புக்கல் கோட்டையில் முழுதாக மிஞ்சியது அது ஒன்றுதான். மூன்றாவது, கஹோக்கியாவின் திருக்குடும்ப தேவாலயம். 1799-இல் கட்டி முடித்தது, மரத்தூண் கட்டடம்.

ஆண்டை மட்டும் பார்த்தால் நீதிமன்றம் முந்திவிடும். ஆனால் என் மனம் தேவாலயத்தின் பக்கம்தான் நிற்கிறது. கட்டிய இடத்திலேயே நிற்கிறது, கட்டிய காரியத்துக்கே இன்றும் பயன்படுகிறது. அதற்கு மேல் ஒரு கட்டடத்திடம் என்ன கேட்க முடியும்? நீதிமன்றத்தின் கதை அப்படி இல்லை. அது ஊர் விட்டு ஊர் போய் வந்த கட்டடம். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

உளியன் எழுதியது:

ஐயா, நல்ல கேள்வி. மர வேலையைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், கட்டிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் இந்த வழக்கு புரியும்.

அமெரிக்க மரவீடு என்றதும் நம் கண்முன் வருவது, முழுமரங்களைக் கிடையாக அடுக்கி, மூலைகளில் வெட்டுக் கொடுத்துப் பூட்டிய வீடு. கஹோக்கியா கட்டடங்கள் அந்த வகை அல்ல. கனடா வழியாக வந்த பிரெஞ்சுக்காரர்கள் மரத்தை நெட்டுக்குத்தாக நிறுத்தினார்கள். முதலில் கல் அடித்தளம். அதன் மேல் நான்கு பக்கமும் கனமான கிடைமரம். அந்தக் கிடைமரத்தில் துளையிட்டு, சதுரமாகச் செதுக்கிய மரத்தூண்களை வரிசையாக நடுவார்கள். தூணுக்கும் தூணுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு தூண் அகலத்துக்கு இடைவெளி இருக்கும். அதைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டோ, களிமண்ணும் வைக்கோலும் கலந்தோ அடைப்பார்கள். மேலே நாற்புறமும் சரியும் செங்குத்தான கூரை, சுற்றிலும் தாழ்வாரம். அந்தத் தாழ்வாரம் வெறும் நிழலுக்கு மட்டும் அல்ல. மழைச்சாரல் சுவரில் அடித்தால் காரை கரையும், மரத்தின் கால் உளுத்துப்போகும். சுவரைக் காப்பாற்றுவதே தாழ்வாரம்தான்.

இதைவிடப் பழைய முறை ஒன்றும் உண்டு. கிடைமரமும் அடித்தளமும் இல்லாமல் தூண்களை நேராக மண்ணில் புதைப்பது. கட்டுவது சுலபம், ஆனால் மண்ணைத் தொட்ட மரம் எத்தனை நாள் நிற்கும்? அப்படிக் கட்டியவை இல்லினாய்ப் பக்கம் எல்லாம் போய்விட்டன. நீதிமன்றமும் தேவாலயமும் தப்பியதற்கு இரண்டு காரணங்கள்: கால் மண்ணில் படவில்லை, இரண்டிலும் போட்டது வால்நட் மரம். அந்த மரத்தின் வைரம், அதாவது கெட்டியான உள்மரம், பூச்சிக்கும் ஈரத்துக்கும் எளிதில் இளகாது.

இந்தக் கட்டுமான முறையில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தூண் நுனியில் துளைக்குள் இறங்கும் கழுந்தையும் துளையையும் பிரித்தால் கட்டடமே பிரிந்துவிடும். வேறு இடத்தில் அதே வரிசையில் பூட்டலாம். மரக் கட்டடத்துக்கு இது இயல்பான காரியம். அதனால் "ஊர் விட்டு ஊர் போனது" என்பதை மட்டும் வைத்து நீதிமன்றத்தைத் தள்ளிவிட வேண்டாம். மரம் அதே மரம் என்றால் கட்டடமும் அதே கட்டடம்தான் என்பது என் கட்சி.

சிகாகோ மாலதி எழுதியது:

தம்பிகளா, அந்த நீதிமன்றத்தின் பயணத்தை நான் சொல்கிறேன். அதன் ஒரு பகுதி எங்கள் ஊரில் நடந்தது.

1814-இல் கவுண்டித் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) தலைமையிடம் பெல்வில் ஊருக்கு மாறியது. நீதிமன்றத்துக்கு வேலை போயிற்று. அதற்கு முன் சில காலம், இந்தச் சின்ன மரக் கட்டடத்தின் அதிகாரம் வடக்கே கனடா எல்லை வரை நீண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். வேலை போன பிறகு அது மதுக்கடையாக இருந்தது, சரக்கறையாக இருந்தது, வீடாக இருந்தது. சீரழிந்த நிலையில், 1904-இல் செயின்ட் லூயிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக அதைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். கண்காட்சி முடிந்ததும் சிகாகோ வரலாற்றுச் சங்கம் வாங்கியது. சிகாகோவின் ஜாக்சன் பூங்காவில் மறுபடியும் பூட்டி நிறுத்தினார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அது மிச்சிகன் ஏரிக்காற்றில் நின்றது. பிறகு கஹோக்கியாவில் பழைய இடத்தைத் தோண்டி, பழைய அடித்தளத்தைக் கண்டுபிடித்து, 1939-இல் அதன் மேலேயே திரும்பக் கட்டினார்கள்.

இதில் என் கவனத்தை இழுப்பது கடைசிப் படிதான். மரங்களைக் கொண்டுபோய் ஏதோ ஒரு காலி மனையில் நிறுத்தாமல், மண்ணுக்கடியில் கல்லைத் தேடி, அதே கல்லின் மேல் ஏற்றினார்களே, அந்தப் பொறுப்புக்காகவே நான் அதற்கு மதிப்பெண் கொடுப்பேன். எல்லாக் கண்காட்சிக் கட்டடத்துக்கும் இந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. ஆபிரகாம் லிங்கனின் தந்தை கோல்ஸ் கவுண்டியில் வாழ்ந்த மரவீட்டை, 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காகப் பிரித்து எடுத்துவந்தார்கள். கண்காட்சி முடிந்தது, வீடு காணாமல் போனது. இன்று அந்த இடத்தில் நிற்பது 1930-களில் எழுப்பிய நகல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லிங்கன் வழக்காடிய போஸ்ட்வில் நீதிமன்றம், 1840-இல் கட்டியது. அதை 1929-இல் ஹென்றி ஃபோர்ட் விலைக்கு வாங்கி மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்னில் தம் அருங்காட்சியகக் கிராமத்துக்குக் கொண்டுபோய்விட்டார். இல்லினாயில் அது நின்ற இடத்தில் 1953-இல் நகல் கட்டினார்கள். மூலம் ஒரு மாநிலத்தில், இடம் இன்னொரு மாநிலத்தில். உளியன் தம்பியின் கணக்குப்படி உண்மையான போஸ்ட்வில் நீதிமன்றம் மிச்சிகனில் இருக்கிறது. மிசிசிப்பிக்கரைத் தம்பியின் கணக்குப்படி அது எங்கேயும் இல்லை. இரண்டுமே எனக்கு ஏற்கவில்லை.

குமரேசன் எழுதியது:

எல்லோரும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்தே தொடங்குகிறீர்கள். ஏன்? கஹோக்கியா என்ற பெயரிலேயே, ஊரிலிருந்து வடகிழக்கே சில மைல் தொலைவில், மங்க்ஸ் மேடு நிற்கிறது. உயரம் ஏறக்குறைய 100 அடி. அடிப்பரப்பு 14 ஏக்கர். கி.பி. 900-க்கும் 1200-க்கும் இடையில் அம்மண்ணின் மக்கள் கூடை கூடையாக மண் சுமந்து, அடுக்கடுக்காகக் கட்டியது. ஒரே வகை மண்ணைக் கொட்டிய குவியலும் அல்ல அது. களிமண்ணையும் மணல் கலந்த மண்ணையும் மாற்றி மாற்றிப் போட்டு, நீர் வடியவும் சரியாமல் நிற்கவும் வழி செய்திருக்கிறார்கள். உச்சியில் நூறடிக்கும் மேல் நீளமான பெரிய மரக் கட்டடம் ஒன்று இருந்ததற்கான தடயத்தை அகழாய்வில் எடுத்திருக்கிறார்கள். 1982-இல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

ஆயிரம் ஆண்டுகளாக நிற்கும் பொறியியல் வேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1740, 1799 என்று பேசுவது எனக்கு உறுத்துகிறது. "பழைய கட்டடம்" என்ற பட்டியல் ஐரோப்பியர் வந்த நாளில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது?

மிசிசிப்பிக்கரை எழுதியது:

குமரேசன் அண்ணா, மேட்டின் பெருமையில் எனக்கு மறுப்பே இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் செயின்ட் லூயிஸ் நகரத்திலும் அப்படிப்பட்ட மேடுகள் பல இருந்தன. மிகப் பெரியதை 1869-இல் வெட்டி எடுத்து, மண்ணை நிரப்பு வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இக்கரையில் மங்க்ஸ் மேடு மிஞ்சியது பெரும் பேறு. மாநிலத்தின் மிகப் பழைய கட்டுமானம் என்று சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் கேட்பது, உள்ளே போய்க் கூரையின் கீழ் நிற்கக்கூடிய கட்டடத்தைப் பற்றி.

அதனால்தான் தேவாலயத்தைச் சொன்னேன். உள்ளே போனவர்களுக்குத் தெரியும். பிற்காலத்தில் வெளிச்சுவரைப் பலகையால் மூடியிருந்தார்கள். 1949-இல், அந்தக் கோயிலின் பங்கு, அதாவது திருச்சபைச் சமூகம், தொடங்கி 250 ஆண்டு நிறைவதை ஒட்டிச் சீரமைத்தபோது, பழைய மரச்சுவரை மறுபடியும் வெளியே கொண்டுவந்தார்கள். இப்போது பக்கத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு வால்நட் தூணிலும் வாய்ச்சி விழுந்த தடம் வரிசையாகத் தெரிகிறது. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் உள்ள சின்ன மேட்டை விரலால் தடவி உணர முடியும். தூண்கள் நேராக நிற்கவில்லை. உள்நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கின்றன. முதல் முறை பார்ப்பவர்கள் கட்டடம் சாய்கிறது என்று பயப்படுகிறார்கள். கட்டும்போதே அப்படித்தான் கட்டினார்கள். கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளாதபடி, சுவரே எதிர்த்து உந்தி நிற்கிறது.

1699-இல் கியூபெக் குருமடத்திலிருந்து வந்த பாதிரிமார்கள் தொடங்கிய பங்கு அது. 1891-இல் பக்கத்திலேயே பெரிய கல் கோயில் கட்டினார்கள். அத்தோடு மரக்கோயிலை இடித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இடிக்கவில்லை. சில காலம் வேறு வேலைக்குப் பயன்படுத்தி வைத்திருந்தார்கள். அந்த ஊரார் எடுத்த அந்த ஒரு முடிவால்தான் இன்று நாம் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இளவேனில் எழுதியது:

கட்டடக்கலை மாணவி நான். எல்லோருடைய பதிவுகளையும் ஆர்வமாகப் படித்து வருகிறேன். எனக்கு இரண்டு ஐயங்கள்.

ஒன்று: "புல்வெளி மாநிலம்" என்கிறோம். நீங்கள் சொன்ன எல்லாக் கட்டடமும் ஆற்றோரத்தில்தான் இருக்கின்றன. நடு மாநிலத்துப் புல்வெளியில் 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றுகூட இல்லையா? இரண்டு: பிரெஞ்சுக்காரர்களின் பெரிய ஊர் கஸ்காஸ்கியா என்று படித்தேன். இல்லினாய் 1818-இல் மாநிலமானபோது முதல் தலைநகரும் அதுதான். அங்கே எந்தப் பழைய கட்டடமும் மிஞ்சவில்லையா?

உளியன் எழுதியது:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், தங்கச்சி.

புல்வெளியில் மரம் இல்லை. அதுதான் முதல் காரணம். ஆள் உயரப் புல், அதன் அடியில் பல அடி ஆழத்துக்கு வேர். கிழக்கிலிருந்து வந்த குடியேறிகள் மரம் இருந்த ஓடைக்கரைகளை ஒட்டியே வீடு கட்டினார்கள். விறகு, வேலி, வீடு எல்லாவற்றுக்கும் மரம் வேண்டும் அல்லவா? அந்தக் கரிசல் மண்ணோ வார்ப்பிரும்புக் கலப்பையில் பசைபோல ஒட்டிக்கொண்டது. நின்று நின்று சுரண்டிவிட்டுத்தான் உழ வேண்டும். 1837-இல் கிராண்ட் டீடூர் என்ற இல்லினாய்ச் சிற்றூரில் ஜான் டீர் என்ற கொல்லர், மண் ஒட்டாமல் வழுக்கிப் போகும்படி மெருகேற்றிய எஃகுக் கலப்பையைச் செய்தார். அதற்குப் பிறகுதான் புல்வெளி வயலாகத் தொடங்கியது. அவருடைய வீடு இன்றும் அங்கே இருக்கிறது. 1856-இல் இல்லினாய் சென்ட்ரல் ரயில்பாதை 705 மைல் நீளத்துக்கு முழுமையடைந்தது. வடக்கேயிருந்து அறுத்த பைன் பலகைகள் ரயிலில் வந்து இறங்கின. ஆக, நடு மாநிலத்துப் புல்வெளி ஊர்களில் பெரும்பாலான பழைய வீடுகள் ரயிலுக்குப் பின் வந்தவை.

அந்தப் புல்வெளியும் இப்போது இல்லை. ஒரு காலத்தில் மாநிலத்தில் 2.2 கோடி ஏக்கர் இருந்தது. நூற்றில் ஒரு பங்கு அல்ல, ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

மிசிசிப்பிக்கரை எழுதியது:

இளவேனில், கஸ்காஸ்கியாவைப் பற்றிக் கேட்டாய். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

1703-இல் தொடங்கிய ஊர். 1809-இல் இல்லினாய்ப் பிரதேசத்தின் தலைநகர். மாநிலமான பிறகும் 1820 வரை, வாண்டேலியாவுக்கு மாறும்வரை, தலைநகர். அந்த ஊரை மிசிசிப்பி எடுத்துக்கொண்டது. நீராவிப் படகுகளின் அடுப்புக்காக இரு கரை மரங்களையும் வெட்டித் தீர்த்ததால் கரை பலமிழந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். 1881-இல் ஆறு பக்கத்திலிருந்த கஸ்காஸ்கியா ஆற்றின் படுகைக்குள் உடைத்துக்கொண்டு புகுந்து, ஊரின் கிழக்குப் பக்கமாகப் புதுப்பாதை எடுத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் தெருத்தெருவாகக் கரைந்தது. முதல் சட்டமன்றம் கூடிய கட்டடமும் ஆற்றோடு போயிற்று. இன்று அந்தப் பெயரில் இருக்கும் சிற்றூர் ஆற்றின் மேற்குப் பக்கம், இல்லினாய் மாநிலத்தின் துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிசௌரி மாநிலம் வழியாகத்தான் போக முடியும். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 21.

மிஞ்சியது ஒரு மணி. பிரான்சில் 1741-இல் வார்த்து, பதினைந்தாம் லூயி மன்னர் அனுப்பிய மணி. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1778 ஜூலை 4 அன்று, ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க் என்ற அமெரிக்கத் தளபதியின் படை ஊரைப் பிடித்ததும் அந்த மணியை அடித்தார்கள் என்பது வரலாறு.

ஃபோர்ட் டி சார்ட்ரெஸின் கதையும் இதே ஆற்றின் கதைதான். முன்பு கட்டிய மரக்கோட்டைகள் நிலைக்காததால், 1750-களில் பிரெஞ்சு அரசு பெரும் பொருட்செலவில் சுண்ணாம்புக்கல்லில் கட்டியது. 15 அடி உயரம், 3 அடி கனம் கொண்ட மதில். பத்து ஆண்டுகூட ஒழுங்காக அனுபவிக்கவில்லை. ஏழாண்டுப் போரில் தோற்றதால் 1765-இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். 1772-இல் ஆறு தென்மதிலை அரித்து வீழ்த்தியது. ஆங்கிலேயர் விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு சுற்றுவட்டாரத்தார் கல்லை எல்லாம் வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். வெடிமருந்துக் கிடங்கு மட்டும் தப்பியது. கூரையும் கல் வளைவு, சுவரும் கனமான கல்; வெடிமருந்தைக் காக்கக் கட்டிய கட்டு அல்லவா? 1913-இல் மாநில அரசு இடத்தை வாங்கியது. சில ஆண்டுகளில் கிடங்கைச் சீரமைத்தது. வாயிலும் மதிலும் 20-ஆம் நூற்றாண்டில் திரும்ப எழுப்பியவை. 1993 பெருவெள்ளத்தில் கரை உடைந்து கோட்டைக்குள் தண்ணீர் புகுந்தபோதும் கிடங்கு நின்றது.

சிகாகோ மாலதி எழுதியது:

மரம், கல், ஆறு எல்லாம் பேசிவிட்டோம். கட்டியவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. பிரெஞ்சுக் கிராமங்களில் அடிமைகள் இருந்தார்கள். ஆப்பிரிக்க வழியினரும் இருந்தார்கள், இம்மண்ணின் பழங்குடியினரும் இருந்தார்கள். அந்த மரத்தை வெட்டியதும் செதுக்கியதும் சுண்ணாம்பு சுட்டதும் யார் கைகள் என்று எந்தப் பெயர்ப்பலகையும் எழுதுவதில்லை.

கஹோக்கியாவில் நிக்கோலஸ் ஜாரோ கட்டிய செங்கல் மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1807-இல் தொடங்கி 1810-இல் முடித்தது. மாநிலத்தின் மிகப் பழைய செங்கல் கட்டடம் என்ற பெயர் அதற்கு உண்டு. சுவர்கள் 16 அங்குல கனம். 1811, 1812-இல் நியூ மாட்ரிட் பூகம்பங்கள் இந்தப் பள்ளத்தாக்கை உலுக்கியபோது சுவரில் விரிசல் விட்டதே தவிர விழவில்லை. 1803 டிசம்பரில் மெரிவெதர் லூயிஸ், மேற்கே போகும் தம் புகழ்பெற்ற ஆய்வுப் பயணத்துக்கு முன் கஹோக்கியா வந்தபோது, அவருக்கு மொழிபெயர்ப்பாளராக செயின்ட் லூயிஸ் சென்ற இருவரில் இந்த ஜாரோ ஒருவர். மங்க்ஸ் மேட்டுப் பக்கம் சில காலம் வாழ்ந்த டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளுக்கு நிலம் கொடுத்ததும் இவர்தான்; அந்தத் துறவிகளால்தான் குமரேசன் சொன்ன மேட்டுக்கே அந்தப் பெயர் (ஆங்கிலத்தில் "மங்க்" என்றால் துறவி).

இதெல்லாம் வழிகாட்டிப் புத்தகத்தில் வரும். அடுத்ததுதான் முக்கியம். 1787-இன் வடமேற்குப் பிரதேசச் சட்டம் ஒகையோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறையைத் தடை செய்திருந்தது. ஆனாலும் பிரெஞ்சுக் குடும்பங்களின் அடிமைகள் பழைய உரிமை என்ற பெயரில் அடிமைகளாகவே இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் அப்படியே. ஜாரோ குடும்பத்தில் அப்படி அடிமையாக வைக்கப்பட்டிருந்த ஜோசப் ஜாரோ என்ற இளைஞர், ஜாரோவின் மனைவி ஜூலியா மீது தம் உழைப்புக்குக் கூலி கேட்டு வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் தோற்றார். மேல்முறையீட்டில் அவருக்காக வாதாடியவர் லைமன் டிரம்புல். 1845-இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் ஜோசப் சுதந்திர மனிதர் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்போடு பிரெஞ்சு அடிமைகளின் வழிவந்தவர்களை வைத்திருக்கும் "உரிமை" மாநிலத்தில் முடிந்தது. அதே டிரம்புல்தான் இருபது ஆண்டுகள் கழித்து, நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த, அமெரிக்க அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தத்தை செனட்டில் உருவாக்கியவர்களில் ஒருவர்.

ஜாரோ மாளிகைக்குப் போகிறவர்கள் பூகம்ப விரிசலைப் படம் பிடிக்கிறார்கள். ஜோசப்பின் பெயரையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

குமரேசன் எழுதியது:

மாலதி அக்கா எழுதியதைப் படித்த பிறகு என் வாதம் இன்னும் உறுதிப்படுகிறது. கட்டடத்தின் வயதை அதன் சொந்தக்காரர் பெயரிலிருந்து எண்ணக் கூடாது. பெயர் தெரியாத கைகள் சுமந்த மண் மேடும் இந்தப் பட்டியலில் முதல் வரியாக இருக்க வேண்டும். உள்ளே போய் நிற்க முடியவில்லை என்றால் மேலே ஏறி நிற்கலாம், படிக்கட்டு போட்டிருக்கிறார்கள்.

மிசிசிப்பிக்கரைத் தம்பியின் "கூரை வேண்டும்" என்ற நிபந்தனைக்கு ஒரு கேள்வி. இன்றைய தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள பழைய சட்டமன்றக் கட்டடத்துக்குக் கூரை இருக்கிறது. அதே இடத்தில் நிற்கிறது. அதை 1837-இன் கட்டடம் என்பீர்களா?

உளியன் எழுதியது:

குமரேசன் அண்ணா கேட்டது சரியான கேள்வி. தெரியாதவர்களுக்காக: 1837-இல் கடைக்கால் போட்ட அந்தக் கட்டடத்தில்தான் 1858-இல் அடிமை முறையால் நாடு பிளவுபட்டிருப்பதைப் பற்றிய "பிளவுபட்ட வீடு" உரையை லிங்கன் ஆற்றினார். 2007 பிப்ரவரியில் பராக் ஒபாமா தம் அதிபர் வேட்பாளர் அறிவிப்பைச் செய்ததும் அதன் முன்புதான். சட்டமன்றம் 1876-இல் புதுக் கட்டடத்துக்குப் போனதும் இது கவுண்டி நீதிமன்றமானது. இடம் போதவில்லை என்று 1899-இல் முழுக் கட்டடத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் புதிதாக ஒரு தளத்தைச் செருகினார்கள். பிறகு 1966-இல் ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுப் பிரித்தார்கள். கீழே வாகன நிறுத்துமிடமும் நூலகமும் தோண்டினார்கள். மேலே அதே கற்களைக் கொண்டு பழைய உருவத்தில் 1969-க்குள் எழுப்பினார்கள். வெளிச்சுவரின் கல் பழையது. உட்புறம் முழுக்க 1960-களின் வேலை.

என் தொழில் கண்ணுக்கு இதுவும் கஹோக்கியா நீதிமன்றமும் ஒன்றல்ல. மரக் கட்டடத்தில் சுவரைத் தாங்குவதும் கூரையைத் தாங்குவதும் அதே தூண்கள். பிரித்துப் பூட்டினாலும் அவை அதே வேலையைச் செய்கின்றன. ஸ்பிரிங்ஃபீல்டில் பழைய கல், புதுக் கட்டின் மேல் போர்த்திய போர்வையாகிவிட்டது. கல் சுமப்பதை நிறுத்திய இடத்தில் அதன் வயதும் நின்றுவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். வாண்டேலியாவில் 1836-இல் கட்டிய முந்தைய சட்டமன்றம் இருக்கிறதே, லிங்கன் உறுப்பினராக உட்கார்ந்த கட்டடம், அதன் செங்கல் சுவர் இன்றும் தன் பாரத்தைத் தானே சுமக்கிறது. மனச்சாட்சியோடு பழையது என்று காட்டலாம்.

ஆனால் மிசிசிப்பிக்கரை ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். "அதே இடம்" என்பதில் நீங்கள் பிடிவாதமாக இருந்தால் சிகாகோவின் கிளார்க் வீட்டை என்ன செய்வீர்கள்?

சிகாகோ மாலதி எழுதியது:

கிளார்க் வீடு என்றதும் நான் வராமல் இருப்பேனா!

1836-இல் கட்டிய மரச்சட்ட வீடு. நகரத்தை எரித்த 1871 பெருந்தீயில், தெற்கே தள்ளி இருந்ததால் தப்பியது. அடுத்த ஆண்டே புது உரிமையாளர் அதை இன்னும் தெற்கே இழுத்துக்கொண்டு போனார். பிறகு ஒரு திருச்சபை பல ஆண்டுகள் அதைப் பயன்படுத்திப் பாதுகாத்தது. 1977-இல் நகராட்சி வாங்கி, முதலில் நின்ற இடத்துக்கு அருகே கொண்டுவர முடிவு செய்தது. நடுவில் உயர்மட்ட ரயில்பாதை குறுக்கே நின்றது. டிசம்பர் மாதம்; வீட்டை அப்படியே ஜாக்கிகளால் தண்டவாளத்துக்கு மேலே தூக்கி, இரவில் ரயிலை நிறுத்திவிட்டு, மறுபக்கம் நகர்த்தினார்கள். குளிரில் கருவிகள் உறைந்துபோய், வீடு ஏறக்குறைய இரண்டு வாரம் அந்த உயரத்திலேயே காத்திருந்தது. பிறகுதான் இறங்கியது.

இதை நகரத்தின் மிகப் பழைய வீடு என்பார்கள் பலர். நார்வுட் பார்க் பகுதியில் 1833 என்று தேதியிட்ட பண்ணை வீடு ஒன்று இருக்கிறது. அந்தப் பகுதி 1893-இல்தான் சிகாகோவுடன் இணைந்தது என்பதால் இந்தச் சண்டை இங்கே இன்னும் ஓயவில்லை. கட்டடம் நகராமல் நகரத்தின் எல்லை நகர்ந்து வந்த கதை அது.

நான் பார்த்தவரை, தப்பிய கட்டடங்கள் எல்லாவற்றிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. யாரோ ஒருவருக்கு அவற்றால் வேலை இருந்தது. மதுக்கடைக்காரருக்கு நீதிமன்றம் வேண்டியிருந்தது. திருச்சபைக்குக் கிளார்க் வீடு வேண்டியிருந்தது. ஜாரோ மாளிகையில் பள்ளிக்கூடம் நடந்தது. வரலாற்றுப் பெருமைக்காகக் காப்பாற்ற ஆள் வருவதற்கு முன், சாதாரணத் தேவைகள்தான் அவற்றின் கூரையை ஒழுகாமல் வைத்திருந்தன. கோட்டையால் யாருக்கும் வேலை இல்லை. அதன் கல்லால்தான் வேலை இருந்தது. அதனால் கல் போயிற்று.

மிசிசிப்பிக்கரை எழுதியது:

அக்கா, இதை நான் ஏற்கிறேன். என் பக்கத்து வாதத்துக்கும் இதுவே அடித்தளம். 1799-லிருந்து ஒரே கூட்டத்தார் ஒரே கூரையைப் பராமரித்திருக்கிறார்கள். கூரை ஓடு மாறியிருக்கும், காரை பலமுறை பூசியிருப்பார்கள். ஆனால் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சாவியைக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. உளியன் கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில்: கிளார்க் வீடு நகர்ந்தபோதும் வீடாக, மனிதர் புழங்கும் இடமாகவே நகர்ந்தது. கஹோக்கியா நீதிமன்றம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காட்சிப்பொருளாக இருந்தது. அந்த இடைவெளியை என்னால் தாண்ட முடியவில்லை.

ஆகவே என்னைக் கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்லப்போகிறேன். மக்கள் கட்டியதில் மூத்தது மங்க்ஸ் மேடு. கட்டிய இடத்தில் நகராமல் நிற்கும் மூத்த கட்டடம் வெடிமருந்துக் கிடங்கு. மூத்த மரங்கள் நீதிமன்றத்தில் இருக்கின்றன. வாழ்க்கை அறுபடாமல் வந்த மூத்த கட்டடம் தேவாலயம்.

உளியன் எழுதியது:

நான்கில் மூன்று ஏற்பு. நீதிமன்றத்தை "மரங்கள்" என்று மட்டும் சுருக்குவதை ஏற்கமாட்டேன். 1939-இல் பூட்டியவர்கள் அதே தொழில்முறையில் பூட்டினார்கள். இன்று அதன் தாழ்வாரத்தில் நின்றால் நாம் நிற்பது கட்டடத்தில்தான், மரக்குவியலில் அல்ல.

இளவேனில் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு நேரில் பார்க்காமல் இருக்க முடியாது. செயின்ட் லூயிஸ் பக்கமிருந்து ஒரே நாளில் எவ்வளவு பார்க்கலாம்?

மிசிசிப்பிக்கரை எழுதியது:

காலையில் மங்க்ஸ் மேட்டிலிருந்து தொடங்கு. வெயில் ஏறுமுன் உச்சிக்குப் போய்விடு. மேற்கே செயின்ட் லூயிஸ் நகரத்தின் பெரிய நினைவு வளைவு தெரியும். அங்கிருந்து கஹோக்கியா ஊர். நீதிமன்றம், தேவாலயம், ஜாரோ மாளிகை மூன்றும் நடக்கும் தொலைவில் இருக்கின்றன. நீதிமன்றத்தில் சுவரின் கால்பக்கத்தைக் குனிந்து பார். கிடைமரத்தில் தூண் இறங்கும் இடம் அங்கே தெரியும். உளியன் எழுதியதை அப்படியே சரிபார்க்கலாம். மதியத்துக்குப் பின் தெற்கே ஆற்றோரச் சாலையில் பிரெய்ரி டு ரோஷர் என்ற ஊர். வழி முழுக்க ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் குன்று, மறுபக்கம் சமவெளி வயல். அங்கிருந்து கோட்டை பக்கம்தான். வெளிச்சம் இருந்தால் இன்னும் தெற்கே போய், முதல் துணை ஆளுநர் பியேர் மெனார்டின் வீட்டையும் பார். பிரெஞ்சுத் தாழ்வார வீட்டின் நல்ல மாதிரி. குன்றின் அடிவாரத்தில் சற்று மேட்டில் கட்டியதால் ஆறு அதைத் தொடவில்லை.

இன்னொரு நாள் கிடைத்தால் ஆற்றைக் கடந்து மிசௌரியின் செயின்ட் ஜெனிவீவ் ஊருக்குப் போ. கஸ்காஸ்கியாக்காரர்களே அக்கரையில் தொடங்கிய ஊர். 1785 வெள்ளத்துக்குப் பிறகு மேட்டுக்கு மாறிக்கொண்டார்கள், அதனால் வீடுகள் தப்பின. உளியன் முதல் பதிவில் சொன்ன மண்ணில் புதைத்த தூண் வீடுகள் சில அங்கே இன்றும் நிற்கின்றன.

கிளம்புமுன் ஒவ்வொரு இடத்துக்கும் தொலைபேசியில் கேட்டுவிடு. ஜாரோ மாளிகை எல்லா நாளும் திறந்திருப்பதில்லை.

சிகாகோ மாலதி எழுதியது:

தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு போம்மா. கஹோக்கியாவில் யாராவது வழிகாட்டி இருந்தால் ஜோசப் ஜாரோவைப் பற்றிக் கேள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று வந்து இங்கே எழுது.